செட்ரிக் ஏன் வண்டி எடுக்கவில்லை

“சாவி உங்க கையிலதானே இருக்கு?”

“இருக்கு.”

“அப்ப வந்து ஏறுங்க.”

“நமக்கு ஆகாது, சிஸ்டர்.”

“என்ன ஆகாது? உடம்பு சரியில்லையா? குடிச்சிருக்கீங்களா?”

“குடியை விட்டுப் பதினாலு வருஷம் ஆச்சு.”

“பின்ன என்னதான் பிரச்சினை? வாயைத் திறந்து சொல்லுங்களேன். இப்படித் தரையையே பார்த்துக்கிட்டு நின்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?”

நடுப் பாலைவனத்து ஆதிகுடி ஊர் ஒன்றின் கிளினிக் பின்வாசலில் நடந்த இந்தச் சண்டை, உள்ளே கட்டிலருகே நின்றிருந்த உள்ளூர் உதவியாளர் மர்லீனின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. வெளியே கத்திக்கொண்டிருந்தவள் மொய்ரா. ஐந்து வாரத் தற்காலிக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ். வந்து பத்து நாள் ஆகிறது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் செட்ரிக். கிளினிக்கின் டிரைவர், மர்லீனின் புருஷன். கட்டிலில் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு கிடந்தவள் டாஃப்னி, மர்லீனின் அம்மா.

அதாவது, செட்ரிக்கின் மாமியார்.

மர்லீன் வெளியே போய் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தில் ஆக்சிஜன் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்தே சத்தம் போட்டுச் சொல்லலாம் என்றால், அம்மாவின் காதுபட அவன் பேரை எடுக்க முடியாது. அவன் காதுபட அம்மாவின் பேரையும் எடுக்க முடியாது. இருபத்து மூன்று வருடமாக இருவருக்கும் இதுதான் ஊர். கடைக்குள் அவள் நுழைந்தால் அவன் பின்பக்கமாக வெளியேறிவிடுவான். அவன் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பிவிடுவாள். அது பகையில்லை, மரியாதை. அவன் வேட்டைக்குப் போய்க் கொண்டுவருகிற கங்காருவின் வால் முதலில் போவது அவள் வீட்டுக்குத்தான். மர்லீன் கையில் போகும், அவ்வளவுதான்.

இருவரும் ஒரே வண்டிக்குள் இரண்டு மணி நேரம் என்பது, யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம்.

“யாரைத் திட்டுறா உன் சிஸ்டர்?” என்றாள் டாஃப்னி. மூடிக்குள்ளிருந்து வந்த குரல் தகரப் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

“யாரையும் இல்லம்மா. நீ பேசாம படு.”

“பேசாம படுத்தா செத்துட்டேன்னு எழுதி வச்சுருவா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மூக்கு வெந்து கெடக்கு அவளுக்கு. ஒரு தொப்பி வாங்கிக் குடு, பாவம்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரைத் திட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே மொய்ராவின் குரல் உடைந்தது. “பாருங்க. நம்ம விமான ஓடுதளம் மழையில ஊறிப் போச்சு. பிளேன் அஞ்சாம் போர்ல, அந்த ஆழ்குழாய்க் கிணத்துப் பக்கத்து ஓடுதளத்துலதான் இறங்கும். ஆறு மணிக்கு மேல அங்க நிக்காது, விளக்கு கிடையாது. இங்கேயிருந்து தொண்ணூத்து நாலு கிலோமீட்டர். இப்ப மணி மூணு. இந்த அம்மா செத்தாங்கன்னா அது உங்க தலைமேலதான், சொல்லிட்டேன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் நாய்களோடு உட்கார்ந்திருந்த ஐவி, அதைக் கேட்டதும் நாய்களை அதட்டுவதை நிறுத்திவிட்டாள். ஐவி, டாஃப்னியின் தம்பி பெண்டாட்டி. ஒரு சாவை இன்னார் தலைமேல் என்று அந்த ஊரில் யாரும் வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், அது நடந்தபிறகு அண்ணன் தம்பிகள் வந்து அந்தத் தலையைத் தேடுவார்கள்.

மர்லீன் அம்மாவின் கையை எடுத்து மூடியின்மேல் வைத்து, “நீயே பிடிச்சுக்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். மொய்ராவின் முழங்கையைப் பிடித்து மருந்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“சிஸ்டர், அவர் வரமாட்டார். வரவும் கூடாது. எங்கம்மா அவருக்கு மாமியார்.”

“தெரியும். சொந்த மாமியாருக்குக்கூட ஒரு மனுஷன் வண்டி எடுக்கமாட்டேங்கறாரேன்னுதான் எனக்கு வயிறு எரியுது.”

“அதனாலதான் எடுக்கக் கூடாது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. பக்கத்துல வரக் கூடாது. எங்களுக்கு அது சட்டம். ஏன்னு கேட்டா அவரால வாயால சொல்லவும் முடியாது. சொல்றதே வெட்கக்கேடு.”

மொய்ரா சுவரில் சாய்ந்தாள். மூக்கு மட்டும் சிவப்பாகவும் மற்ற முகம் வெள்ளையாகவும் இருந்தது. “டவுன்ல ரெண்டு நாள் வகுப்பு வச்சாங்க. இதைச் சொன்னாங்க. படம்கூடப் போட்டுக் காட்டினாங்க. ஆனா அது பழைய காலத்து வழக்கம்னு நினைச்சேன், மர்லீன்.”

“போன வாரமும் இருந்துச்சு. இந்த வாரமும் இருக்கு.”

“முதல் நாளே நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

அந்த வருடம் அந்தக் கிளினிக்குக்கு வந்த ஏழாவது நர்ஸ் மொய்ரா. முதலில் வந்தவளுக்கு ஊர் முழுக்க நடந்து காட்டினாள் மர்லீன். யார் யாருக்கு என்ன உறவு, யாரை யாரோடு ஒரு அறையில் உட்கார வைக்கக் கூடாது, போனவர்களின் பேரை ஏன் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எல்லாம் சொன்னாள். இரண்டாவது ஆளுக்கும் சொன்னாள். மூன்றாவது ஆள் குறித்துக்கொண்டு, நான்கு வாரத்தில் அந்த நோட்டோடு போய்விட்டாள். ஐந்தாவது ஆளிலிருந்து மர்லீனுக்கு வாய் வலித்துப் போயிற்று. மொய்ராவுக்கு எந்தக் குழாயில் நல்ல தண்ணி வரும், எந்த நாய் கடிக்கும் என்பதை மட்டும் காட்டினாள். மற்றதை டிரைவர் பட்டியல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள்.

எப்போதும் பட்டியலில் இரண்டு டிரைவர்கள் இருப்பார்கள். செட்ரிக் ஏற்றக் கூடாத ஆட்களை ரோஸ்லின் ஏற்றுவாள். ரோஸ்லின் ஏற்றக் கூடாத ஆட்களை செட்ரிக் ஏற்றுவான். பட்டியல் போடுவது மர்லீன்தான். இந்த வாரம் கிழக்கே ஒரு சாவு. ஊரே துக்கத்துக்குப் போயிருந்தது. ரோஸ்லினும் போக வேண்டும் என்றாள். போய்வா என்று மர்லீன் கையெழுத்துப் போட்டாள். அம்மா சில மாதமாக டவுனில் டயாலிசிஸ் மெஷினோடு இருக்கிறாள், எப்போதாவதுதான் ஊருக்கு வருவாள், செட்ரிக் தனியாக இருந்தால் என்ன என்று நினைத்தாள்.

அம்மா சொல்லாமல் வந்து இறங்கினாள். கிழக்கே இறந்துபோனவன் அவளுடைய அக்கா மகன், அவள் தூக்கி வளர்த்தவன். டவுனிலிருந்து துக்கத்துக்குப் போகிற ஒரு வண்டியில் ஏறி வந்தவள், வழியில் மூச்சு முட்ட, சொந்த ஊரிலேயே இறங்கிவிட்டாள். துக்கச் செய்தி கேட்டதிலிருந்து மூன்று தடவை டயாலிசிஸ் தவறிப் போயிருந்தது. கால் இரண்டும் பூசணிக்காய்போல வீங்கியிருந்தன. உடம்பில் தங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் வந்த பின்னால் மழை பிடித்துக்கொண்டது. கிழக்குச் சாலை அறுந்துவிட்டது. துக்கத்துக்குப் போனவர்கள் யாரும் திரும்ப வர முடியாது. ஊரில் மிச்சமிருந்தவர்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

“நீங்க ஓட்டுவீங்களா சிஸ்டர்? நான் பின்னால அம்மாகூட இருக்கேன்.”

“மருந்து நரம்புல ஓடிக்கிட்டிருக்கு. டாக்டர் போன்ல சொல்லச் சொல்ல அளவை மாத்தணும். அதை நான்தான் செய்யணும், நான் நகர முடியாது.” மொய்ரா மணியைப் பார்த்தாள். “உங்களுக்கு ஓட்டத் தெரியும்ல?”

“பதினெட்டு வருஷம் ஓட்டினேன். சர்க்கரை கண்ணுக்கு வந்ததும் லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டாங்க.”

“எவ்வளவு தெரியும் கண்ணு?”

“ரோடு தெரியும். ரோட்டுல நிக்கறதுதான் தெரியாது.”

மொய்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

“ரெண்டு வண்டியாப் போவோம்,” என்றாள் மர்லீன். “அவர் எங்க பழைய வண்டியில முன்னால போகட்டும். நான் ஆம்புலன்ஸை அவர் பின்னாலேயே ஓட்டிட்டு வரேன். அவர் போற தடத்துல சக்கரத்தை வச்சுக்கிட்டு வந்தாப் போதும். அம்மாவைத் துணியால மூடிக்கலாம். ஒரே ரோட்டுல போனா குத்தமில்லை, ஒரே வண்டியில போனாத்தான்.”

செட்ரிக் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தான். சாவியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அவ சொன்னது ஐவி காதுல விழுந்துடுச்சு,” என்றான்.

“விழட்டும்.”

“உன் மாமனுங்களுக்குப் போன் போயிருக்கும் இந்நேரம்.”

“யாரும் சாகப் போறதில்ல. நீ முன்னால போ. நான் வரேன்.”

“நீயா ஓட்டுற?” அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். “போன மாசம் தேத்தண்ணியைக் கப்புக்கு வெளிய ஊத்தினவ நீ.”

“அது கப்பு சின்னது. ரோடு பெரிசு.”

அவன் சிரிக்கவில்லை. மண்வெட்டி, இரண்டு பலகை, கயிறு மூன்றையும் எடுத்துப் பழைய வண்டியின் பின்னால் போட்டான். டாஃப்னியைத் தூக்கி ஏற்றும்வரை தொட்டிக்குப் பின்னாலேயே நின்றான். மர்லீன், மொய்ரா, ஐவி மூன்று பேரும் பிடித்து ஏற்றினார்கள். பூப்போட்ட படுக்கை விரிப்பைத் தலைவரை இழுத்து மூடினார்கள். பின்கதவுக் கண்ணாடியில் மர்லீன் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். புறப்படும்போது மணி மூன்று ஐம்பது.

முதல் ஐம்பது கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. சாலை சிவப்பாக, ஈரமாக, இரண்டு பக்கமும் புதரோடு மங்கலாகக் கிடந்தது. முன்னால் போகிற வண்டி மர்லீனுக்கு ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. அந்தப் பொட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போனாள். பள்ளம் வருகிற இடத்தில் செட்ரிக் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவான். அந்த ஊரில் பேசாமலே கையால் பேசிவிடுவார்கள். தூரத்தில் இருப்பவர்களோடு, துக்கத்தில் இருப்பவர்களோடு, பேசக் கூடாதவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, கைதான் வாய். இரண்டு விரல் நீட்டினால் ஒரு அர்த்தம், மடக்கினால் இன்னொரு அர்த்தம். கை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மர்லீனுக்குத் தெரிந்தது. விரல்கள் தெரியவில்லை. அதை அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் வண்டியை எடுக்க விட்டிருக்க மாட்டான்.

பின்னால் மொய்ரா சாட்டிலைட் போனில் டாக்டரோடு பேசுவதும், அம்மாவைத் தட்டிக்கொடுப்பதும் கேட்டது.

“டாஃப்னி, தூங்கக் கூடாது. எங்கிட்டப் பேசுங்க.”

“உனக்குப் புருஷன் இருக்கானா?”

“இருந்தார். இப்ப வேற ஒருத்திகூட இருக்கார்.”

“நல்லது. உனக்குச் சமையல் மிச்சம்.”

ஓடை குறுக்கே வருகிற இடத்துக்கு வந்தபோது மணி ஐந்து. தண்ணீர் வடிந்திருந்தது. மணல் மட்டும் பளபளவென்று கிடந்தது. செட்ரிக் வண்டியை நிறுத்தி இறங்கி, நடந்து பார்த்துவிட்டு, ஏறி அக்கரைக்குப் போனான். அங்கே நின்று கையைத் தூக்கி ஏதோ காட்டினான். வெயில் மர்லீனுக்கு நேர் எதிரே இருந்தது. கை தூக்கியது தெரிந்தது. நேராக வா என்று எடுத்துக்கொண்டாள். அவன் காட்டியது, நான் போன தடத்தை விட்டு வலதுபக்கம் வா, என் பாரத்தில் மணல் இளகிவிட்டது என்பது.

பாதி ஓடையில் பின்சக்கரங்கள் இரண்டும் இறங்கின. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கின.

மர்லீன் குதித்து இறங்கிக் கையால் மணலைத் தள்ளினாள். செட்ரிக் கயிற்றை எடுத்து வந்து முன்பக்கக் கொக்கியில் மாட்டித் தன் வண்டியால் இழுத்துப் பார்த்தான். முன்பக்கம் வருவது குற்றமில்லை, அம்மா பின்னால் படுத்திருக்கிறாள். ஆனால் பழைய வண்டிக்கு அவ்வளவு பலம் இல்லை. கயிறு அறுந்தது.

“பின்சக்கரத்துக்கு அடியில பலகை போகணும்,” என்றான் செட்ரிக், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“குடு. நான் போடறேன்.”

கால்மணி நேரம் அவள் தோண்டினாள். தோண்டத் தோண்ட ஈர மணல் சரிந்து வந்து குழியை மூடியது. நாற்பத்தாறு வயது, சர்க்கரை உடம்பு. உள்ளேயிருந்து மொய்ரா, “மர்லீன், பிளேன் இறங்கிடுச்சாம். ஆறு மணிவரைக்கும்தான் நிப்பாங்களாம்” என்றாள். இன்னும் இருபது கிலோமீட்டர் இருந்தது.

செட்ரிக் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டான். முகம் முழுக்க மறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டுபோல நடந்து ஆம்புலன்ஸின் பின்பக்கம் வந்தான். மர்லீன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, கதவுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டுத் தோண்ட ஆரம்பித்தான். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடியில் போர்வை தொங்கியது. இவ்வளவு மறைப்பு போதும் என்று மர்லீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

உள்ளே டாஃப்னிக்கு மண்வெட்டிச் சத்தம் மாறியது தெரிந்துவிட்டது. மகள் தோண்டுகிற சத்தம் இல்லை அது. விரிப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதில் ஆக்சிஜன் மூடி நழுவியது. மொய்ரா விரிப்பை விலக்கி மூடியை வைத்தாள். டாஃப்னி மறுபடி இழுத்தாள். மூச்சே இல்லாதவள் கையில் எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, மொய்ராவின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். மூச்சளவு காட்டுகிற மெஷின் கூவ ஆரம்பித்தது.

“மூடாதீங்க, டாஃப்னி, உங்க உதடு நீலமாயிடுச்சு.”

“விடு,” என்றாள் டாஃப்னி. “நான் மூடிக்கறேன். விடு.”

“அம்மா, சிஸ்டர் சொல்றதைக் கேளு,” என்று முன்னாலிருந்து மர்லீன் கத்தினாள்.

அந்த நேரத்தில்தான் சிலிண்டர் தீர்ந்தது. அடுத்த சிலிண்டர் பின்கதவை ஒட்டிய பெட்டியில் இருந்தது. கதவைத் திறந்தால்தான் அந்தப் பெட்டி திறக்கும். அதை அப்படிச் செய்தவன் எவனோ. மொய்ரா, “நான் கதவைத் திறக்கணும்” என்றாள்.

“ஒரு நிமிஷம் இருங்க சிஸ்டர், அவரைத் தள்ளிப் போகச் சொல்றேன்.”

“நிமிஷம் இல்லை.”

திறந்தாள்.

மர்லீன் நடுக் கண்ணாடியில் பார்த்தாள். அந்தத் தூரம் அவள் கண்ணுக்கும் தெரிகிற தூரம். வெளியிலிருந்த வெளிச்சம் மொத்தமும் உள்ளே விழுந்தது. விரிப்பு மொய்ராவின் காலடியில் கிடந்தது. அம்மா தலையணையில் நிமிர்ந்து, வாயைத் திறந்துகொண்டு, முழு முகத்தோடு இருந்தாள். கதவு வேகமாகத் திறந்ததில் செட்ரிக்கின் தலையிலிருந்த சட்டை கழன்று விழுந்திருந்தது. சத்தம் கேட்டு யாராக இருந்தாலும் திரும்புவார்கள். அவனும் திரும்பியிருந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. மொய்ரா சிலிண்டரை மாற்றி, மூடியை வைத்து, கதவை இழுத்துச் சாத்த எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

செட்ரிக் பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் உதைத்துத் திணித்தான். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். மர்லீன் மிதித்தாள். வண்டி பலகைமேல் ஏறி, குலுங்கி, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அவன் ஓடையோரமாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தான். சட்டையைக்கூட எடுக்கவில்லை.

“அவர் முன்னால வரலையா?” என்றாள் மொய்ரா.

“வரமாட்டார்.”

கடைசி இருபது கிலோமீட்டரை மர்லீன் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அஞ்சாம் போர் ஓடுதளத்துக்குள் நுழைந்தபோது விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. விமானத்தில் வந்த டாக்டர் இறங்கி ஓடி வந்தார். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. டாஃப்னியை உள்ளே ஏற்றினார்கள்.

விமானம் கிளம்பியதும் மொய்ரா மர்லீனைக் கட்டிப்பிடித்து அழுதாள். “காப்பாத்திட்டோம். உங்கம்மாவைக் காப்பாத்திட்டோம், மர்லீன்.” அது நிஜம்தான், அவள் இல்லாவிட்டால் அம்மா ஓடையிலேயே போயிருப்பாள். மர்லீன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது பழைய வண்டி ஓடைக்கரையில், அவன் விட்ட இடத்திலேயே சாவியோடு நின்றது. காலடித் தடம் தெற்கே பெரிய சாலைவரைக்கும் போய், அங்கே ஒரு லாரிச் சக்கரத் தடத்தோடு முடிந்திருந்தது.

நான்கு நாள் கழித்து அவனே போன் செய்தான். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, அவன் அண்ணன் ஊரிலிருந்து.

“மழை நின்னுச்சா?”

“நின்னுச்சு. நீ எப்ப வர்ற?”

“எங்க வர்றது? அங்க அவங்க வீடு இருக்கு.”

“அவங்க டவுன்ல இருக்காங்க.”

“இன்னைக்கு டவுன்ல இருக்காங்க. கடைக்கு முன்னால நாலு பேர் உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தனும் எதுவும் கேக்கமாட்டான். அதுதான் என்னால ஆகாது.”

டவுனில் அம்மா தேறிக்கொண்டிருந்தாள். அவளே பேசினாள். முதலில் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்னு சொல்லிடு. எல்லார்கிட்டயும் சொல்லு.”

“மூடிக்கிட்டா இருந்தே, அம்மா?”

“மூச்சு முட்டுறவ கண்ணை மூடுவாளா? ஆனா மூடியிருந்தேன்னு சொல்லு.”

“நான் கண்ணாடியில பார்த்தேனே.”

“உனக்குத்தான் கண்ணு தெரியாதே. உன்னை யார் கேக்கப் போறா.” அம்மா இருமினாள். “நான் அங்க வந்தா ஒரு ஆள் ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. உனக்குப் புருஷன் வேணும். நான் இங்கேயே இருந்துக்கறேன்.”

“அங்கேயே இருந்து என்ன பண்ணுவே? நாளைக்கு ஒண்ணு ஆனா?”

“ஆனா, அப்ப கொண்டாந்து புதைச்சுக்க. அப்ப யாரும் என் முகத்தைப் பார்க்கப் போறதில்ல.”

மர்லீன் போனை வைத்தாள்.

மொய்ராவின் ஐந்து வாரம் முடிந்தது. புறப்படுகிற அன்று தன்னுடைய நல்ல போர்வையை மர்லீனிடம் கொடுத்து, “செட்ரிக் திரும்பி வந்தா, நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. அந்தத் தலைமேலன்னு சொன்னதுக்கும், கதவைத் திறந்ததுக்கும்” என்றாள். பிறகு தானே திருத்திக்கொண்டாள். “கதவைத் திறந்ததுக்கு மன்னிப்பு கேட்க முடியுமான்னு எனக்குத் தெரியலை. மறுபடி அதே இடத்துல நின்னா, மறுபடி திறப்பேன்னுதான் தோணுது.” மர்லீனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பொய் சொல்லாமல் போகிறாளே என்று இருந்தது.

அவள் போன மறுவாரம் டவுன் ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. நடந்ததை மொய்ரா அன்றைக்கே எழுதி அனுப்பியிருக்கிறாள். அவசரத்தில் எழுதியது. “டிரைவர் வண்டி எடுக்க மறுத்தார். காரணம் சொல்லவில்லை. ஐம்பது நிமிடம் தாமதம்.” ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கீழே சாட்சி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மர்லீனின் பேர் இருந்தது. அதற்கு மேலே, “சாட்சி அறிந்த காரணம்” என்று ஐந்து கோடு போட்ட ஒரு கட்டம்.

மேனேஜர் போனில் தன்மையாகத்தான் பேசினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க, மர்லீன். காலியா வந்தா நான் அவரை வேலையிலேருந்து எடுக்கவேண்டி வரும். ஏதாவது எழுதுங்க. நான் பார்த்துக்கறேன்.”

எதை எழுதுவது? மாமியார் என்பதால் வரவில்லை என்று எழுதினால், பட்டியலை ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்பார்கள். அதற்கு அவள் தயார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதையும் எழுதத் தயார், வேலை போனால் போகட்டும். ஆனால் நடந்ததை எழுத ஆரம்பித்தால் ஓடை வரும். ஓடை வந்தால் கதவு வரும். கதவை எழுதினால் யார் யாரைப் பார்த்தார்கள் என்பது தாளில் ஏறிவிடும். அந்த ஆபீஸில் வேலை பார்ப்பவர்களில் மூன்று பேர் அவளுடைய சொந்தக்காரர்கள். இதுவரை வாய்விட்டு யாரும் சொல்லாத ஒன்று, எழுத்தில் நின்றுவிடும். அதோடு மொய்ராவையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அம்மாவைக் காப்பாற்றியதற்கு.

கதவை விட்டுவிட்டு எழுதலாம். அப்படி எழுதினால், வேலை இருந்தும் செட்ரிக் ஏன் ஊர் திரும்பவில்லை என்பதற்கு அந்தத் தாளில் பதில் இருக்காது. பத்து நாளில் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அம்மா சொன்னபடி, பார்க்கவில்லை, அவள் கண் மூடியிருந்தது என்று எழுதலாம். அதை எழுதினால் ஒருவேளை செட்ரிக் வருவான். அம்மாவும் வருவாள். ஆனால் கையெழுத்துப் போடுவது மர்லீன். அவள் கண்ணாடியில் பார்த்தவள்.

இன்றைக்குப் புதன்கிழமை. புது நர்ஸ் நாளை வருகிறாள், ஆறு வாரத்துக்கு. அவளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வது என்று மர்லீன் முடிவு செய்துவிட்டாள். அதில் சந்தேகம் இல்லை. படிவம் மட்டும் சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது, ஐந்து கோடும் காலியாக.

இதைப் படிக்கிறவர்களில், இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஐந்து வாரம், ஆறு வாரம் என்று வேலைக்குப் போய் வந்தவர்கள் இருப்பீர்கள். போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். வருகிறவர்களுக்கு ஊரைக் காட்டிக் காட்டி வாய் வலித்துப் போனவர்களும் இருக்கலாம். அந்த ஐந்து கோட்டில் மர்லீன் என்ன எழுத வேண்டும்? சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.